தாழ்ப்பாள் உள்ள அறை

இரும்புத் தாழ்ப்பாள் மரச்சட்டத்தின் துளைக்குள் போய் விழும் ஓசை. டக். அவ்வளவுதான். எந்த ஊரில், எந்த விடுதியில் கேட்டாலும் கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிடுவேன். கூட வந்தவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள், விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள், குழாயைத் திருகுவார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ் போடுவேன், எடுப்பேன், மறுபடி போடுவேன். "கதவு ஓடியா போயிடும்?" என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஓசைக்குப் பின்னால் எனக்குள் காற்று வீசத் தொடங்கிவிடும். காவிரி மணலை வாரிக்கொண்டு வந்து பல்லில் நறநறக்க வைக்கும் ஸ்ரீரங்கத்து ஆடிக் காற்று. அந்தக் காற்றில் எங்கள் வீடு ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எங்கள் வீடு அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே நீளம். வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, கொல்லைக்கதவுக்கு உண்டு. நடுவே இருந்த எதற்கும் கிடையாது. அம்மாவின் பழைய புடவைகள் திரையாகத் தொங்கும். காற்று அடித்தால் திரை உப்பும், தணியும். ஒருவர் இருமினால் அடுத்த அறையில் இன்னொருவர் "தண்ணி வேணுமா?" என்று கேட்பார். ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதைக் காவிரிப் படித்துறையில்தான் பேச வேண்டும். அங்கேயும் பத்துப் பேர் துவைத்துக்கொண்டிருப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். நான் கல்லூரியில் சேர்ந்திருந்த புதிது. அக்காவுக்கு முந்தின வருஷம் தை மாதம் கல்யாணம். அத்தான் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தார். கல்யாண வேட்டியின் மஞ்சள் வெளுப்பதற்குள் பம்பாயிலிருந்து தந்தி வந்தது, போய்விட்டார். அக்கா உப்பிலியபுரத்தில் மாமியாரோடு இருந்தாள். மாமியார் புருஷனை இழந்தவர், ஒற்றை ஆளாக நிலத்தைப் பார்த்து ஒரே மகனை வளர்த்தவர். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அக்காவை நாங்கள் அழைத்துவந்திருந்தோம்; பிள்ளை பெறும்வரை அவள் புதுப்பெண்தான். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடியில் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து விதி. கடலில் இருக்கிற மாப்பிள்ளையிடமிருந்து பெண்ணை எதற்குப் பிரித்து அழைத்துவர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வழக்கம் வழக்கம்தான்.

அப்போதுதான் அத்தானின் கடிதம் வந்தது. கப்பல் ஆடி இருபது வாக்கில் கொச்சித் துறைமுகத்துக்கு வருகிறது, சரக்கு இறக்கும்வரை சில நாட்கள் நிற்கும், திருச்சிவரை வந்துபோக லீவு கிடையாது, பகலிலும் இரவிலும் கரைக்கு வரலாம், ஆகவே அவளை அழைத்து வாருங்கள், அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன்.

அன்று மாலை கொல்லையில் துணி எடுக்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள். கொடியில் பறந்துகொண்டிருந்த அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் நின்று, உதடு அசையாமல்.

"எனக்கு அவரு முகம் மறந்துக்கிட்டு வருதுடி. போட்டோ பாத்தாத்தான் ஞாபகம் வருது. போட்டோல வேற யாரோ மாதிரி இருக்காரு."

"இப்பத்தான் பாக்கப் போறியே."

"பாத்துட்டு? இந்தத் தடவை மறுபடி கையெழுத்துப் போட்டாருன்னா இன்னும் ரெண்டு வருஷம். பம்பாய்ல ஒரு ரூம் பாருங்க, நானும் வந்துடறேன்னு கேக்கணும். லெட்டர்ல எழுத முடியாது. அத்தைக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் ஒட்டணும். நேர்லதான் கேக்கணும். நாலு பேர் நடுவுல உக்காந்துக்கிட்டு எப்படிக் கேப்பேன்?"

வேட்டியை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டது கடல் இல்லை, ஊர் இல்லை. சாத்திக்கொள்ள ஒரு கதவு.

அப்பா பொன்மலையில் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த வண்டி எந்த ஜங்ஷனில் எத்தனை நேரம் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனி. இறங்கின பிறகு எங்கே தங்குவது என்பது மட்டும் அவர் யோசித்தே பார்க்காத விஷயம். அலுவலகத்தில் விசாரித்து வந்து சாப்பாட்டில் உட்கார்ந்ததும் அறிவித்தார். கொச்சியில் நம் பக்கத்து வியாபாரிகள் கட்டின சத்திரம் இருக்கிறது. கோயிலை ஒட்டி. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். சமைத்துக்கொள்ளலாம்.

அம்மா ரசத்தை ஊற்றினாள். மறுநாள் என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு, பெரிய கடைவீதியில் மிளகு மண்டி வைத்திருந்தவரின் வீட்டுக்குப் போனாள். மண்டிக்காரர் கொள்முதலுக்காக அடிக்கடி கொச்சி போய்வருவார். அவர் மனைவியும் இரண்டு தடவை கூடப் போயிருக்கிறார். அந்தத் தெருவில் கடல் பார்த்த பெண் அவர் ஒருத்திதான். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சத்திரமா? அங்கேருந்து கடலைப் பாக்கணும்னா கோபுரத்துமேல ஏறணும். துறைமுகத்தை ஒட்டியே ஒரு லாட்ஜு இருக்கு. நம்மாளு ஒருத்தர்தான் நடத்தறாரு. மாடியில வரிசையா ரூம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் தண்ணி. காலையில பல்லு தேய்ச்சுக்கிட்டு நிமிந்தா எதிர்ல கப்பல், நம்ம தெப்பக்குளத்துல தெப்பம் நிக்கற மாதிரி. பக்கவாட்டுல மீன் பிடிக்கற பெரிய பெரிய வலை. தண்ணிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கும், மாமியாளுக்குக் கும்பிடு போடற மாதிரி."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் கோலமாவுக் கிண்ணத்தை இழுத்து, முற்றத்துத் தரையில் விடுதியைப் போட்டுக் காட்டத் தொடங்கினார். இது படி. இது நடை. இது ஜன்னல். கோடுகளாக அறைகள் எழுந்தன. இங்கிருந்தே வாசனை வந்துவிடும் போலிருந்தது எனக்கு: உப்பு, ஈரக் கயிறு, தார். அம்மா கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சமையலுக்கு?"

"கீழயே சாப்பாடு போடறாங்க. புழுங்கரிசி, தேங்காய் எண்ணெய். நாலு நாளுதானே, செத்தா போயிடுவோம்?"

"ரூமுக்குத் தாழ்ப்பாள்லாம் நல்லா இருக்கா?"

அந்த அம்மாள் கையை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார், பிறகு அக்காவை.

"உள்பக்கமும் இருக்கு, வெளிப்பக்கமும் இருக்கு. உங்களுக்கு எது வேணும்?"

அம்மா சிரிக்கவில்லை. அக்கா சிரித்தாள், அந்த மாதத்தில் முதல் தடவையாக. அதற்குள் முற்றத்தில் காற்று இறங்கியது. கோலமாவு விடுதி மங்கியது. முதலில் போனது இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை நடந்தது. சண்டை என்று வெளியே தெரியாது. தண்ணீரைப் பற்றி, மழையைப் பற்றி, தூரத்தைப் பற்றிப் பேச்சு. காரணத்தை மட்டும் யாரும் வாயால் தொடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வளர்ந்த பெண்களை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? ஆகவே அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அப்பா அது அங்கே இல்லாததுபோல நடந்தார்.

"சத்திரத்துல உப்புத் தண்ணியாம்."

"யாரு சொன்னா? கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"கொச்சியில இப்ப விடாத மழையாம். கூடத்துல சாரல் அடிக்கும்."

"சத்திரம்னா கூரை போடாமலா கட்டியிருப்பான்?"

"மாப்பிள்ளை கப்பல்லேருந்து அவ்வளவு தூரம் வரணுமே."

"உலகத்தையே சுத்தறவரு. பஸ்ல ஏறி வரமாட்டாரா?" அப்பா தட்டை வழித்தார். "லாட்ஜுன்னா ஆம்பிளைங்க தங்கற இடம். பொம்பளைங்களைக் கூட்டிட்டு அங்க போனேன்னு தெரிஞ்சா நாலு பேரு என்ன நினைப்பான்?"

அம்மா இரண்டு நாள் விட்டுப்பிடித்தாள். மூன்றாம் நாள் அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது, பாக்கை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"சத்திரத்திலயே தங்குங்க. மாப்பிள்ளை தலைமாட்டுல எந்த ஊர்க்காரனோ குறட்டை விட்டுக்கிட்டுப் படுத்திருப்பான். எஞ்சினியர் மாப்பிள்ளை பாருங்க. நாளைக்கு உப்பிலியபுரத்துல பேசிக்குவாங்க, சம்பந்தி வீட்டுல ஒரு ரூம் எடுத்துக் குடுக்கக்கூட யோசிச்சாங்கன்னு."

பாக்குவெட்டி நின்றது. அப்பாவின் வெற்றிலையும் நின்றது.

"சரி. லாட்ஜுன்னா லாட்ஜு. ரெண்டு ரூமாச் சொல்லிடலாம்."

இரண்டு. அம்மா அடுக்களைக்குள் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது. அன்று அப்பாவுக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பளம் இரண்டு. கல்லூரி போகும் பெண்ணைத் தனியே விட முடியாது என்பதால் அம்மாவும் நானும் ஊரிலேயே தங்குவதென்று முடிவாகியிருந்தது. தான் ஒருநாளும் பார்க்கப்போகாத அறைக்காக அவள் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள், அக்காவின் மாமியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலையில் ஒரு மூட்டை. பச்சைமலைத் தேன், தினை மாவு, வறுத்த வேர்க்கடலை, எல்லாம் மகனுக்கு. தண்ணீர் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைக்குமுன்பே சொன்னார்.

"நானும் கொச்சிக்கு வரேன் அண்ணே. பெத்தவ பாக்க வேணாமா?"

யார் வேண்டாம் என்பார்கள்? அக்காவைவிட அவருக்கல்லவா அந்த முகம் அதிகம் பாக்கி.

"தாராளமா வாங்க சம்பந்தியம்மா," என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு நிம்மதி. கணக்கு நேர்ப்பட்டுவிட்ட குமாஸ்தாவின் நிம்மதி. "ரெண்டு ரூம் போட்டது நல்லதாப் போச்சு. பொம்பளைங்க ஒண்ணுல, நானும் மாப்பிள்ளையும் ஒண்ணுல."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அக்கா திரைக்குப் பின்னால் போனாள். திரை உப்பித் தணிந்தது.

மாமியார் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "பம்பாயில ஒரு ரூம் கிடைக்கறது குதிரைக்கொம்பாம். எங்க ஊரு வாத்தியார் மகன் சொன்னான். நூறு பேருக்கு ஒரு குழாயாம்."

பம்பாயைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் வாய் திறந்ததில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. மருமகள் போய்விட்டால் மகன் ஊருக்கு வருவதற்கான காரணமும் அவளோடு போய்விடும் என்பதும் தெரிந்திருக்கிறது. மலையடிவாரத்து வீடு, அதில் இவர் ஒருவர். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, கோபப்பட முடியாமலும் இருந்தது.

மறுநாள் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரி படிகளை விழுங்கிக்கொண்டு, செம்மண் நிறத்தில், சுழித்துச் சுழித்துப் போனது. பெண்கள் காதோலையும் கருகமணியும் ஆற்றில் விட்டார்கள், ஒருவர் கழுத்தில் ஒருவர் மஞ்சள் கயிறு கட்டினார்கள். கைம்பெண் கட்டலாமா என்று யாரோ முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அக்கா கழுத்துக்கு மாமியார்தான் கட்டினார். முடிச்சு இறுகும்போது அக்கா கண்ணை மூடியிருந்தாள். எனக்குப் பின்னால் அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசியது கேட்டது.

"மூணு ரூமாக் கேளுங்க."

"மூணாவது எதுக்கு?"

"சாமான் வைக்க."

"நாலு பைக்கு ஒரு ரூமா?"

"மழைக்காலம். துணி காயப்போட இடம் வேணாமா?"

மாமியார் திரும்பாமலே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆடி மாசம், அண்ணி."

அம்மா மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று மாலைத் தபாலில் விடுதிக்காரரிடமிருந்து கார்டு. கப்பல்கள் நிறைய வருகின்றன, அறைகள் நிரம்புகின்றன, எத்தனை அறை, யார் யார் என்று டெலிபோனில் உறுதி செய்யவும், இல்லாவிட்டால் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

மறுநாள் எல்லோருமாகக் கன்டோன்மென்ட் தந்தி ஆபீஸுக்குப் போனோம். மலைக்கோட்டைப் பிள்ளையாரைக் கும்பிட வேண்டும் என்று மாமியார் சொல்லியிருந்ததால் அவரும், அவர் வந்ததால் அக்காவும், அக்காவுக்காக அம்மாவும், வேடிக்கை பார்க்க நானும். பிள்ளையாரை முடித்துவிட்டு, கொச்சிக்குப் பேச டிரங்க் காலுக்குச் சொல்லிவைத்துவிட்டு, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எங்களோடு ஒரு பாதிரியார், ஒரு நெல் வியாபாரி, ஜமுக்காளம் சுற்றிய படுக்கையோடு ஒரு குடும்பம். நேரம் போனது. மின்விசிறி ஒன்று கழுத்து நொடிந்த கோழிபோலச் சுற்றியது. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அக்காவின் கை என் கையை இறுக்கியது.

"கொச்சி. கொச்சி யாருங்க?"

அப்பா மரக்கூண்டுக்குள் போனார். உள்ளே புழுக்கம், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து டிரங்க் கால் என்றால் கத்த வேண்டும். ஒவ்வொரு சொல்லும் கடல்வரை தன் கால்களாலேயே நடந்துபோக வேண்டும்போல.

"ஹலோ. திருச்சிராப்பள்ளிங்க. ரூம் விஷயமா. ஆமா. நாலு பேரு. என்னது? நாலு கட்டில் போட்ட ஒரே ஃபேமிலி ரூமா? இல்லீங்க, அது சரிப்படாது. தனித்தனியா இருக்கா? ரெண்டும் தரலாம், மூணும் தரலாங்கறீங்களா? யார் யாரா? நான், என் பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தியம்மா. எப்படிப் பிரிக்கறதா?"

நின்றுவிட்டார். கூண்டுக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தார். பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். பாதிரியார் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். மாமியார் அப்பாவையே பார்த்தார், கண் கொட்டாமல்.

"அது வந்து, ஒண்ணுல. இருங்க. ஒண்ணுல நாங்க. இன்னொண்ணுல..."

"சார், மூணு நிமிஷம் ஆகப்போவுது," என்றார் உள்ளிருந்த ஊழியர்.

அப்பாவின் கழுத்தில் வேர்வை இறங்கியது. ஒரு வாரமாக வீட்டுக்குள் யாரும் சொல்லாத ஒன்றை, ஊர் நடுவே, கத்திச் சொல்ல வேண்டும். என் கையிலிருந்து அக்காவின் கை விடுபட்டது. எழுந்தாள், நடந்தாள். அப்பாவின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். பிடுங்கவில்லை. அவர்தான் கொடுத்துவிட்டார்.

"ஹலோ. மூணு ரூம் வேணும். ஒண்ணு எங்கப்பாவுக்கு. ஒண்ணு எங்க அத்தைக்கு. அத்தை ரூம் ஜன்னல் துறைமுகத்தைப் பாத்து இருக்கணும். அவங்க கப்பலே பாத்ததில்ல." மூச்சு வாங்கினாள். "ஒண்ணு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்."

அந்தப் பக்கம் கேட்கவில்லை போல.

"எனக்கும், என் வீட்டுக்காரருக்கும்." இப்போது தந்தி ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "உள்ள தாழ்ப்பாள் இருக்கா? தாழ்ப்பாள். தாழ்ப்பாள்ங்க."

படுக்கையோடு உட்கார்ந்திருந்த குடும்பத்துப் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அக்கா ரிசீவரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். காது மடல்கள் மட்டும் சிவந்திருந்தன. அப்பா வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். காவிரிப் பாலத்தின்மேல் காற்று பஸ்ஸை ஒருபக்கமாகத் தள்ளியது. கீழே வெள்ளம். மாமியார் அன்று இரவு மோர் மட்டும் போதும் என்றார். மறுநாளும் அக்காவோடு பேசவில்லை. தானாகவே பெருக்கினார், தானாகவே துவைத்தார். மூட்டையை இறுகக் கட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அது கொச்சிக்கா உப்பிலியபுரத்துக்கா என்று கேட்க யாருக்கும் துணிவு இல்லை. அவர் ஊருக்குத் திரும்பி மகனுக்கு ஒரு வரி எழுதினால் போதும், அத்தனையும் நின்றுவிடும். அம்மா புளியோதரை கிளறினாள். அக்கா ஒரே புடவையை மூன்று தடவை மடித்தாள்.

புறப்படும் நாள் காலை அப்பா குதிரைவண்டி கொண்டுவந்தார். மாமியார் யாரையும் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். எங்கே என்று இன்னமும் சொல்லவில்லை. வண்டி பாலம் தாண்டி, உப்பிலியபுரம் பஸ் நிற்கும் இடத்தையும் தாண்டியது. அவர் இறங்கவில்லை. அதன்பிறகுதான் அம்மா மூச்சு விட்டாள்.

கோட்டை ஸ்டேஷனில் ஈரோடு போகும் வண்டி நின்றிருந்தது. ஈரோட்டில் மாறிக் கொச்சி. அப்பா பெட்டிகளை மேலே ஏற்றினார். மாமியார் ஜன்னலோரம், எதிரே அக்கா. நானும் அம்மாவும் கீழே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கரிப்புகை கண்ணில் விழுந்தது. அம்மா சோற்று மூட்டையைக் கம்பிக்குள் நுழைத்தாள்.

"தயிர்சாதத்தை முதல்ல சாப்பிட்டுடுங்க. புளியோதரை தாங்கும்."

"சரி அண்ணி." இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை. ரயில் கார்டு விசில் ஊதினான்.

"எனக்குச் சொன்ன ரூமுல," என்று எதிரே திரும்பினார், "நெசமாவே கப்பல் தெரியுமா?"

"தெரியும் அத்தை. கேட்டுட்டேன்," என்றாள் அக்கா.

வண்டி குலுங்கியது. நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன், கம்பியை விடாமல். அக்கா என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் மூட்டையைத் தன் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே, அவளிடம் சொன்னார்.

"அவன்கிட்ட கேக்க வேண்டியதைக் கேட்டுக்க. கதவைச் சாத்திக்கிட்டு, என் காதுல விழாமக் கேளு."